நடுவயதில் ஒரு புதுத் தொழில்

பழைய மாணவர் சங்கங்களின் விழா மலர்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். வைத்தியர், பொறியியலாளர், நியாயவாதி, கணக்காளர், பேராசிரியர் என்போரின் படங்களும் பட்டங்களும் அவற்றிலே பக்கம் பக்கமாக நிறைந்திருக்கும். அது முறையே. ஒரு கல்லூரி தன் மக்களின் உயர்வு கண்டு மகிழ்வதிலே தவறொன்றுமில்லை. ஆயினும், அதே வகுப்பறைகளில் அதே வாங்குகளில் அமர்ந்து கற்ற வேறொரு சாராரைப் பற்றி இம்மலர்கள் பேசுவது அருமை. இருபது இருபத்தைந்து ஆண்டுகள் ஓரிடத்தில் ஒழுங்காக உழைத்து, நாற்பத்தைந்து ஐம்பது வயதளவில் அவ்வேலை இல்லாதொழிய, பிள்ளைகளின் படிப்பு பாதிவழியில் நிற்க, கையில் ஒரு தோற்பையுடன் காப்புறுதி முகவராகப் படலை படலையாக ஏறி இறங்கத் தொடங்கும் நம் நண்பர்களையே இங்குக் குறிக்கின்றேன்.

இத்தொழிலில் யானும் எனது நாற்பத்தாறாவது வயதிற் புகுந்தவன். அதற்கு முன்னர் ஒரு தனியார் வணிக நிலையத்திற் கணக்கெழுதும் இலிகிதனாயிருந்தேன். ஆதலின் ஈண்டுக் கூறுவன பிறர் வாய்க் கேட்டவை அல்ல. யான் வற்புறுத்த விரும்புவன இரண்டு. முதலாவது, நடுவயதிற் காப்புறுதி விற்கத் தொடங்குதல் கற்றவனுக்கு இழிவன்று. அவ்வயதினர்க்கே சிறப்பாக உரிய தொழில் என்றும் சொல்லலாம். இரண்டாவது, உறவினரின் தாட்சண்யத்தை முதலாக வைத்து இத்தொழிலைத் தொடங்குவோர் தமக்கும் உறவினர்க்கும் தொழிலுக்கும் ஒருங்கே தீங்கு செய்கின்றனர். முதலாவதை உடன்படுவோர் பலர் இரண்டாவதை உடன்பட மாட்டார். அவர்களை நோக்கியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

நடுவயதில் வேலை இழப்போர் தொகை நம்மிடையே மிகுந்தமைக்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் இளைப்பாறும் மிகக் குறைந்த வயதை 60 என வகுத்தது. சட்டம் வகுத்த வயது வரை கம்பனி நிலைத்து நிற்குமென்று எவர் உறுதி கூற வல்லார்? அடுத்த ஆண்டே நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலரின் விலை மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி அவ்வாண்டு செப்டெம்பரிற் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக உயர்ந்தது. இறக்குமதியை நம்பிய வணிகங்கள் ஒடுங்கின. கட்டட வேலைகள் நின்றன. பல நிலையங்கள் ஆட்குறைப்புச் செய்தன. இருபத்தைந்து வயது இளைஞன் வெளிநாடு செல்லலாம். ஐம்பது வயதுத் தந்தைக்கு அவ்வழியும் அடைபட்டதே.

இவ்வாறு வந்தவனை எவரும் அழைப்பதில்லை. நேர்முகத் தேர்வுக்குச் சென்றால், தன் மகன் வயதினர் மேசைக்கு அப்பாலிருந்து வயதைக் கேட்டுவிட்டு வாய் மூடிக்கொள்வர். அவ்வேளையில் திறந்திருக்கும் கதவு காப்புறுதிக் கம்பனியினது. அங்கு வயதுக்குத் தடையில்லை. அனுபவம் வேண்டுமென்ற நிபந்தனையும் இல்லை. இக்கதவு ஏன் இத்துணை எளிதாகத் திறக்கின்றது என்பதை உள்ளே காலடி வைக்குமுன் ஆராய்தல் வேண்டும். முகவர் என்பவர் பெரும்பாலும் கம்பனியின் ஊழியர் அல்லர். அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. விற்ற பத்திரத்துக்குத் தரகு உண்டு. 1958 இன் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் நூற்றுக்குப் பன்னிரண்டு என்னும் பங்கும் தரகு வாழ்விலே பொதுவாக இல்லை. ஒருவரைச் சேர்ப்பதாற் கம்பனிக்கு வரும் செலவு சிறிது. அவர் மூன்று மாதத்தில் விலகிப் போனாலும், அவர் தம் மைத்துனர்க்கும் பெறாமகனுக்கும் விற்ற பத்திரங்கள் கம்பனியிடமே தங்கிவிடும். இதனைக் கம்பனியின் கருணை என்று கருதி உள்ளே செல்வோர் ஏமாறுவர். இஃது ஒரு வணிக ஒப்பந்தம் என்று அறிந்து செல்வோர் பிழைப்பர்.

இனி நம் சமூகத்தின் மனநிலையை நோக்குவோம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தார் பழமொழி. இதனை நகைத்துத் தள்ளிவிடல் எளிது. இதன் உள்ளே கிடக்கும் அச்சத்தை உணர்தலே அறிவு. அரசாங்க உத்தியோகத்தன் இறந்தால் அவன் மனைவி மக்களுக்கு ஒரு சிறு வருவாய் நிற்கும். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கான கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1898 இலேயே இயற்றப்பட்டது. மலாயாவில் புகையிரதப் பகுதியிற் கடமையாற்றித் திரும்பிய முதியோர்க்கு மாதந்தோறும் வந்த இளைப்பாற்றுச் சம்பளத்தால் எத்தனை வீடுகளில் அடுப்பெரிந்தது என்பதை முதியோர் அறிவர். சம்பளத்தின் அளவை விடச் சம்பளக்காரன் சென்ற பின்னும் தொடரும் அந்தப் பாதுகாப்பையே நம் முன்னோர் விரும்பினர். அங்ஙனமாயின், அப்பாதுகாப்பை அரசாங்கம் கொடாத கடைக்காரனுக்கும் கமக்காரனுக்கும் மீனவனுக்கும் தச்சனுக்கும் அதனைக் கொண்டுபோய்க் கொடுப்பவனை ஏளனஞ் செய்தல் எவ்வாறு பொருந்தும்? உத்தியோகத்தனின் மனைவிக்கு வேண்டியது கடைக்காரனின் மனைவிக்கு வேண்டாமோ?

உண்மையில், நம் ஊர்களிலே காப்புறுதியின் வித்து முன்னரே இருந்தது. மரண சகாயச் சங்கங்கள் எத்தனை ஊர்களில் இயங்கின, இன்றும் இயங்குகின்றன! ஒவ்வொரு குடும்பமும் சிறு தொகை செலுத்த, சாவு நேர்ந்த வீட்டுக்குப் பந்தலும் பணமும் போய்ச் சேரும். பலர் சிறிது சிறிதாகக் கொடுத்து ஒருவரின் பெருந்துயரைத் தாங்குதலே காப்புறுதியின் தத்துவம். மரண சகாயச் சங்கம் ஈமச் செலவைத் தாங்கும். காப்புறுதி அதற்குப் பின் வரும் பத்தாண்டுகளைத் தாங்க முயலும். வேறுபாடு அளவிலேதான்.

இத்துறையின் வரலாற்றை நோக்கின், அதனைச் சமைத்தவர்களுட் கற்றோரும் நடுவயதினரும் இருந்தமை தெளிவாகும். 1693 இல் எட்மண்ட் ஹலி என்னும் வானநூலறிஞர் பிரெஸ்லோ நகரத்தின் பிறப்பு இறப்புக் கணக்கைக் கொண்டு, எவ்வயதினர் எத்துணை ஆண்டு வாழக்கூடும் என்று ஓர் அட்டவணை வகுத்தார். 1744 இல் ஸ்கொட்லாந்திலே ரொபேட் வாலஸ், அலெக்சாந்தர் வெப்ஸ்ரர் என்னும் இரு மதகுருமார், இறந்த குருமாரின் மனைவியரும் மக்களும் வறுமையில் வாடுதல் கண்டு, கணக்கின் வழி நின்ற ஒரு நிதியை நிறுவினர். வாலஸ் அப்பொழுது நாற்பதைக் கடந்தவர். கணிதத்தின் துணையை அவர் நாடியது பிறர் குடும்பத்தின் பொருட்டே.

இவர்களினும் நம் உள்ளத்தைத் தொடுவது ஜேம்ஸ் டொட்சன் என்னும் கணித ஆசிரியரின் கதை. இலண்டன் கிறைஸ்ற் ஹொஸ்பிற்றல் என்னும் பாடசாலையிலே கணிதம் கற்பித்த அவர், 1706 இல் தொடங்கிய ஓர் ஆயுட்காப்புறுதிச் சங்கத்திற் சேர விரும்பினார். நாற்பத்தைந்து வயதைக் கடந்தோரைச் சேர்ப்பதில்லை என்று அச்சங்கம் மறுத்துவிட்டது. மறுக்கப்பட்ட ஆசிரியர் சினந்து அமையவில்லை. வயதுக்கேற்பக் கட்டுப்பணத்தை வகுத்தால் முதியோரையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று கணக்கிட்டு, அதற்கு ஓர் அடிப்படை கண்டார். அவ்வடிப்படையில் 1762 இல் எக்குவிற்றபிள் சங்கம் எழுந்தது. அதனைக் காண டொட்சன் உயிரோடில்லை. அவர் 1757 இலேயே இறந்தார். தாயை முன்னரே இழந்த மூன்று பிள்ளைகள் ஆதரவின்றி நின்றனர். பின்னாளில் அச்சங்கம் அப்பிள்ளைகளுக்கு ஒரு தொகை வழங்கியது. இன்று உலகெங்கும் எழுதப்படும் ஆயுட்காப்புறுதிப் பத்திரங்களுக்கு வழிகாட்டியவர், நடுவயதிற் கதவடைக்கப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியர். தன் பிள்ளைகளுக்கு அவராற் செய்ய இயலாது போனதை அவர் வகுத்த முறை பிறர் பிள்ளைகளுக்குச் செய்கின்றது. இத்தகைய தொழிலைத் தாழ்ந்ததென்று சொல்ல நமக்கு வாய் எழலாகாது.

நடுவயது இத்தொழிலுக்கு இடையூறன்று, துணையே என்றேன். காரணம் கூறுகின்றேன். ஆயுட்காப்புறுதி பேசச் செல்பவன் சாவைப் பற்றிப் பேசச் செல்கின்றான். இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு அது மனப்பாடம் செய்த பாடம். ஐம்பது வயதினன் பாடை சுமந்தவன். தகப்பன் இறந்த வீட்டிலே மூத்த மகள் படிப்பை நிறுத்தியதைக் கண்டவன். நம் நாட்டிலோ, முப்பதாண்டுப் போரையும், 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் மக்கள் வெளியேறிய இடப்பெயர்வையும், 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையையும் கடந்து வந்த தலைமுறை அது. அத்தலைமுறையினனுக்கு இழப்பு என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. அவன் குறைவாகப் பேசுவான். கேட்பவர் சொல்வதைப் பொறுமையாகச் செவிமடுப்பான். வீட்டிலே எவ்வளவு கடன், எத்தனை பிள்ளைகள், எப்பொழுது எவர்க்கு எவ்வளவு வேண்டும் என்பவற்றை அவனிடம் பிறர் கூசாது சொல்வர். இத்தொழிலில் வேண்டற்பாலது பேச்சுவன்மை என்று எண்ணுவோர் பலர். எனது அனுபவத்தில், வாய் திறந்த நேரத்தினும் செவி திறந்த நேரமே எனக்கு வேலை தந்தது.

இனி இடர்களைச் சொல்லல் வேண்டும். முதல் இடர் வீட்டுச் செலவு. தரகு ஒரே சீராக வருவதன்று. முதலாண்டுக் கட்டுப்பணத்தின் மீது தரகு மிகுதி. அடுத்த ஆண்டுகளில் அது குறைந்து மெலியும். ஆதலாற் புதிய முகவன் முதல் மாதங்களில் ஒன்றும் பெறாது, பின்னர் ஒரு மாதம் மிகுதியாகப் பெற்று, அம்மிகுதியே இனி நிலையென்று நம்பிக் கடன்படுவதுண்டு. ஓராண்டுக் குடும்பச் செலவுக்கேனும் கையிருப்போ, மனைவியின் வருவாயோ, தோட்டத்து வருவாயோ இல்லாதார் இத்தொழிலை முழுநேரமாகத் தொடங்குதல் கூடாது. அவர்கள் வேறொரு சிறு வேலையைப் பற்றிக்கொண்டு பகுதிநேரமாகத் தொடங்கலாம். வள்ளுவர் தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரத்தையே வகுத்தது இத்தகைய வேளைகளுக்காகவே. போவது எவ்வளவு, வருவது எவ்வளவு, பின் நிற்பது எவ்வளவு என்று ஓர் எழுதுதாளிற் கணக்கிட்ட பின்னரே கையொப்பம் இடுதல் வேண்டும்.

இரண்டாவது இடரே பேரிடர். அதுவே தாட்சண்யம். புதிதாகச் சேர்ந்தவரை முதல்நாள் ஒரு மேசைமுன் இருத்தி, உமக்குத் தெரிந்த நூறுபேரின் பெயரை எழுதும் என்று சொல்வது பல இடங்களில் உள்ள வழக்கம். அவன் அண்ணன், மைத்துனன், மாமன், சம்பந்தி, உடன்படித்தவன், அயலவன் என்று எழுதுகின்றான். மறுநாள் தொடக்கம் அவ்வீடுகளுக்குச் செல்கின்றான். அவர்கள் அவன் நிலையறிந்து இரங்குகின்றனர். இரக்கத்தால் ஒரு பத்திரம் வாங்குகின்றனர். அப்பத்திரம் தமக்கு வேண்டுமா, கட்டுப்பணம் தம் வருவாய்க்குத் தகுமா என்று அவர்கள் ஆராய்வதில்லை. அவனும் ஆராய்வதில்லை. மாதம் 5,000 ரூபா கட்ட ஒப்பிய தம்பி ஏழாம் மாதம் பிள்ளையின் ரியூசன் பணத்துக்கு இடருற்று நிறுத்திவிடுகின்றான். அதுவரை கட்டியது 35,000 ரூபா. பெரும்பாலான ஆயுட்காப்புறுதிப் பத்திரங்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பின்னரே திருப்பிக் கொடுத்துப் பணம் பெறத்தக்க மதிப்பை அடையும். ஆதலின் அந்த 35,000 ரூபாவும் போயிற்று. தம்பி வாய்திறந்து ஒன்றும் சொல்லான். ஆனால் அடுத்த நல்ல நாளிலே அண்ணன் வீட்டுக்கு வரமாட்டான்.

இவ்வாறு நூறு பெயரும் தீர்ந்தபின், புதிய முகவனுக்கு அந்நியரோடு பேசும் பயிற்சியும் இல்லை, உறவினர் முகத்திலே விழிக்கும் துணிவும் இல்லை. அவன் தொழிலைக் கைவிடுகின்றான். காப்புறுதி என்றாலே ஏமாற்று என்னும் சொல் அந்நூறு வீடுகளிலும் வேரூன்றிவிடுகின்றது. பின்னர் அவ்வூருக்கு நேர்மையான முகவன் ஒருவன் சென்றாலும் அவனுக்கும் படலை திறப்பதில்லை. உண்மையிற் காப்புறுதி வேண்டியிருந்த ஓர் இளந்தந்தை, அதனைப் பெறாமலே இறந்தும் போகின்றான். தாட்சண்யத்தின் விலையை முடிவிற் கொடுப்பவர் அவன் மனைவியே.

ஆகவே, புதிதாகத் தொடங்கும் நண்பர்க்கு யான் கூறும் விதி கடுமையானது. முதல் ஆறு மாதமும் நெருங்கிய உறவினர்க்கு ஒரு பத்திரமும் விற்றல் ஆகாது. அவர்களாக வந்து கேட்டாலும், சிறிது பொறுங்கள், யான் தொழிலைக் கற்றபின் வருகின்றேன் என்று சொல்லல் வேண்டும். இதனைக் கேட்டு நகைப்போர் உளர். உறவினரை விட்டால் வேறு எவரிடம் செல்வது, முதல் மாதத்திலேயே பட்டினி கிடப்பதோ என்று வினவுவர். இவ்வினா நேர்மையான வினா. அதற்கு விடையும் உண்டு.

காப்புறுதி மிக வேண்டியவர், அதனை ஒருவரும் எடுத்துச் சொல்லாதவரே. சந்தையிலே மரக்கறி விற்போர், முச்சக்கர வண்டி ஓட்டுவோர், சிறு தையற்கடை வைத்திருப்போர், வெதுப்பகத்தில் வேலை செய்வோர், மீன்வாடி நடத்துவோர், தனியார் கல்வி நிலையத்திலே கற்பிப்போர் ஆகியோர்க்கு இளைப்பாற்றுச் சம்பளம் இல்லை. பலருக்குச் சேமலாப நிதியும் இல்லை. இவர்களிடம் செல்லக் கற்ற முகவன் கூசுகின்றான். அக்கூச்சத்தை விட்டொழித்தல் வேண்டும். யான் தொடங்கிய காலத்தில் ஒரு சிறு சந்தையிலே பழம் விற்கும் ஒருவரிடம் நான்கு வாரம் சென்றேன். முதல் மூன்று வாரமும் அவர் தம் வங்கிக் கடனைப் பற்றியே பேசினார். நான்காவது வாரம், யான் போனால் இக்கடனை எவர் தலையிற் கட்டுவார்கள் என்று கேட்டார். அவ்வினாவுக்கு விடைகூறும் அளவிலே ஒரு சிறு பத்திரம் எழுதினோம். அதற்கு மிகுதியாக எழுதவில்லை. அவர் அதனை இடையில் நிறுத்தவில்லை. பின்னர் அச்சந்தையிலே பதினொருவர் தாமாகவே என்னைத் தேடி வந்தனர். உறவினரிடம் சென்றிருந்தால் முதல் மாதத் தரகு விரைவில் வந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆறாம் மாதம் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதே கேள்வி.

மூன்றாவது இடர் பொய். காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கை மீது கட்டப்பட்டது. 1766 இல் மான்ஸ்பீல்ட் பிரபு என்னும் ஆங்கில நீதியரசர், சுமாத்திராத் தீவின் ஒரு கோட்டை பற்றிய வழக்கிலே, ஒப்பந்தம் செய்வோர் தாமறிந்த முக்கிய செய்திகளை மறைத்தலாகாது என்னும் கொள்கையை நாட்டினார். அவ்வழக்கிலே தோற்றவர் காப்புறுதி கொடுத்தவரே என்பதும் கருதத்தக்கது. அக்கொள்கை இரு பக்கத்தையும் பிணிப்பது. இன்று நம் ஊர்களிலே நடப்பது யாது? விண்ணப்பப் படிவத்திலே நீரிழிவு உண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்னும் வினாக்கள் இருக்கும். உண்டு என்று எழுதினாற் கம்பனி வைத்தியப் பரிசோதனை கேட்கும், கட்டுப்பணம் கூடும், சிலவேளை மறுத்தும் விடும். அவசரக்கார முகவன் இல்லை என்று எழுதி, கீழே கையொப்பம் வாங்குகின்றான். கையொப்பமிட்டவர் படிவத்தை வாசிப்பதில்லை. அது பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஆண்டுகள் சில கழிந்து அவர் மாரடைப்பால் இறக்க, கம்பனி வைத்தியசாலை ஏடுகளை வருவித்து, முன்னரே நோய் இருந்ததென்று கண்டு கோரிக்கையை மறுக்கும். முகவனுக்குத் தரகு கிடைத்து நெடுநாளாயிற்று. விதவைக்கோ மறுப்புக் கடிதம் ஒன்றே கிடைக்கும். இத்தகைய கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்லும்படி என்னிடம் கொண்டு வந்தோர் பலர். படிவத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழிலே வாசித்துக் காட்டி, உள்ளதை உள்ளவாறு எழுதுவிப்பவனே முகவன். அதனாற் பத்திரம் கிடையாது போயின், போகட்டும்.

பொய்க்கு இன்னொரு வடிவமும் உண்டு. காப்புறுதியைப் பெருஞ்செல்வம் தரும் முதலீடு என்று விற்பது அது. 2022 ஐக் கண்ட நாம் இதிலே விழிப்பாக இருத்தல் வேண்டும். பத்து இலட்சம் ரூபாப் பத்திரம் அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 5,000 டொலர் பெறுமதியாயிருந்தது. மே மாதத்தில் அது 2,800 டொலர் அளவாகக் குறைந்தது. இருபதாண்டுக்குப் பின் வரும் தொகையைப் பெரிய இலக்கத்திற் காட்டுவோர், அன்று ஒரு மூட்டை அரிசி என்ன விலை விற்கும் என்று காட்டுவதில்லை. காப்புறுதியின் முதற்பயன், உழைப்பவன் இடையில் இறந்தால் அல்லது முடமானாற் குடும்பம் குலையாமற் காத்தல். சேமிப்பு அதன் பின்னதே. இதனை வெளிப்படையாகச் சொல்லி, ஆண்டுகள் செல்லச் செல்லக் காப்புத்தொகை போதுமா என்று மீளப் பார்க்க வருவேன் என்று வாக்களித்து, அவ்வாறே வருபவனுக்கு வேலை குறைவதில்லை.

முகவர் தொழில் இன்று கட்டுப்பாடற்ற தொழிலுமன்று. இந்நாட்டில் ஆயுட்காப்புறுதி 1962 தொடக்கமும், பொதுக்காப்புறுதி 1964 தொடக்கமும் அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையாயிருந்தன. 1980களின் பிற்பகுதியில் தனியார்க்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் இத்துறையை ஒழுங்குபடுத்த ஒரு சபையை அமைத்தது. அதுவே 2017 இல் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்று பெயர் மாறியது. முகவராவோர் முன்னரே ஒரு தேர்விற் சித்தியெய்தல் வேண்டும். கம்பனி முறைப்பாட்டைச் சரிவர நோக்காவிடின், ஆணைக்குழுவிடமும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் செல்லலாம். விற்கும்பொழுதே இவ்வழிகளைச் சொல்லிக் கொடுக்கும் முகவன், தன் சொல்லுக்குத் தானே பிணைநிற்கின்றான். பத்திரத்தின் பிரதியொன்றை வேறொரு வீட்டில் வைக்கும்படியும், பின்னுரித்தாளர் பெயரை உரிய காலத்தில் எழுதும்படியும் அவன் வற்புறுத்துவான். இடப்பெயர்விலே வீட்டுப் பெட்டிகளோடு பத்திரங்களையும் இழந்தோர்க்கு இவ்வறிவுரையின் அருமை தெரியும்.

கம்பனியைத் தெரிவதிலும் நண்பர்கள் கவனம் செலுத்துதல் வேண்டும். சேருமுன்னர்ச் சில வினாக்களைக் கேட்க வேண்டும். சென்ற ஆண்டு இக்கிளையிற் சேர்ந்தவருள் எத்தனைபேர் இன்றும் இருக்கின்றனர்? விற்ற பத்திரங்களுள் எத்தனை இரண்டாம் ஆண்டிலும் நடைபெறுகின்றன? யான் விலகினால் எனக்குரிய பின்தரகு என்னாகும்? மாத இலக்கை எட்டாவிடின் என்ன நேரும்? இவற்றுக்குத் தெளிவான விடை கொடாது, வெளிநாட்டுச் சுற்றுலாப் பரிசுகளின் படங்களையே காட்டும் கிளையை விட்டு எழுந்து வந்துவிடல் நன்று.

நிறைவாக, பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். உடன்படித்தவன் ஒருவன் இத்தோற்பையுடன் படலையில் நின்றால், நாய் குரைக்கின்றதென்று மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போதல் தகாது. இரங்கி ஒரு பத்திரம் வாங்கி அனுப்பிவிடுதலும் தகாது. அது அவனுக்குச் செய்யும் உதவியன்று. உள்ளே அழைத்துக் கதிரை கொடுத்து, அரைமணி நேரம் கேளுங்கள். வேண்டுமாயின் வாங்குங்கள், வேண்டாவிடின் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அடுத்த வாரம் பார்ப்போம் என்று பத்துமுறை அலைக்கழித்தல் அவனுடைய எரிபொருளையும் மானத்தையும் ஒருங்கே கரைக்கும். தெளிவான மறுப்பு, தொழில் பழகும் மனிதனுக்கு ஓர் உதவியே.

சங்கம் இதனினும் கூடிய ஒன்றும் செய்யலாம். நடுவயதில் வேலையிழந்த பழைய மாணவர்க்கும், அவர்தம் குடும்பத்துப் பெண்களுக்குமாக ஆண்டில் ஒருநாளேனும் கல்லூரி மண்டபத்தைத் திறந்துவிடலாம். இத்தொழிலிலும் பிற தொழில்களிலும் காலூன்றியவர்கள் அங்குவந்து, வருவாய் எவ்வளவு, இடர் எவ்வளவு என்று மறையாது சொல்லலாம். படிவங்களை வாசிக்கவும், ஒப்பந்தங்களை ஆராயவும் நம்மிடையே நியாயவாதிகளும் கணக்காளரும் நிரம்ப உளர். படம் அச்சிடப்பட்டவர்கள் படம் அச்சிடப்படாதவர்களுக்கு அரைநாள் ஒதுக்கினாற் போதும். பெருஞ்செலவில் விழா எடுக்கும் நமக்கு இஃது ஓர் அரிய காரியமன்று. அடுத்த மலர் வெளிவருமுன் இதனைத் தொடங்கிவிடுவோமாக.